பூஜ்யத்துக்குக் கீழே

அக்கா,

இன்று காலை என் திரையில் ஒரு மஞ்சள் வரி வந்து நின்றது. கோவையில் நான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் கம்பெனியில், பக்கத்து இருக்கைப் பெண் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என்றால் சிவப்பு வரி வரும், கம்ப்யூட்டர் மேற்கொண்டு நகராது. மஞ்சள் அப்படியில்லை. இதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்று சொல்லும், அவ்வளவுதான். பார்க்காமல் போனால் தடுக்காது. இன்றைய வரி ஆங்கிலத்தில் சொன்னது இது: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "அட, இதுதானா" என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். மஞ்சள் போய்விட்டது. நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இதே வரி, எழுத்து மாறாமல், இரண்டு குளிர்காலத்துக்கு முன் மலைமேல் கேத்தியில் எங்கள் வீட்டு மேசையில் வந்தது. உங்களுக்காக நான் செய்த பெட்டியில் வந்தது. அதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

நீங்கள் என்னிடம் முதன்முதலில் பேசியது என் சன்னல் விளக்கைப் பற்றி. நான் பிளஸ் டூ முடித்த விடுமுறை. உங்கள் வீடும் எங்கள் வாடகை வீடும் ஒரே சரிவில், கீழும் மேலுமாக இருந்தன. அப்பா தொழிற்சாலைக்கும் அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்கும் போனபின் எனக்குத் துணை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டும் செல்போனில் பார்க்கும் வீடியோக்களும்தான். போர்டில் ஒரு விளக்கை எரிந்து எரிந்து அணையவைக்கக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெருமையில் அதைச் சன்னலில் வைத்துவிட்டேன்.

"ஏனம்மிணி, உங்கூட்டுச் சன்னல்ல என்னமோ கண்ணடிச்சுட்டே இருக்குது? எங்கூட்டுக்காரரு நெதமும் அங்கயே பாத்துட்டு நிக்கிறாரு. இத்தன வருசத்துல நானே அவருக்குக் கண்ணடிச்சதில்ல."

உங்களுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். என்னோடு என் வயதுப் பெண்ணைப் போலப் பேசினீர்கள். நான் புத்தகங்களுக்குள் இருந்து பழகியவள், யாரோடும் சட்டென்று ஒட்டமாட்டேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேரட் கழுவிய ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, "இது என்னத்துக்கு? அது என்னத்துக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். தொட்டி நிரம்பினால் கூவுகிற மணி, இருட்டினால் தானே எரிகிற விளக்கு, எல்லாமே உங்களுக்குப் 'பொட்டி'தான். அவற்றில் பாதி ஒரு வாரம்கூட ஓடாது. ஓடாவிட்டால் பிரித்துப்போட்டு வேறு செய்வேன். யாருக்கும் நஷ்டமில்லை.

கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு வந்தபோது நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினீர்கள். பள்ளத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தீர்கள். குளிர் முதலில் இறங்குகிற இடம் அது. தினமும் மூன்று மணிக்கு எழுந்து வெறுங்காலோடு புல்லில் நடந்து பார்ப்பீர்கள். காலுக்கடியில் நறநறவென்றால் உறைபனி விழுந்துவிட்டது, மோட்டாரைப் போட்டுச் செடி மேல் தண்ணீர் அடித்து, வெயில் படுவதற்குள் கழுவிவிட வேண்டும். குளிர்காற்று பட்டுப் பட்டு உங்களுக்கு வீசிங் வந்திருந்தது.

"உன்ற பொட்டியில ஒண்ணு எனக்குச் செஞ்சு குடு அம்மிணி," என்றீர்கள். "பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு நாலு மணி நேரத் தூக்கம் குடுத்தாப் போதும்."

பத்து நாளில் செய்தேன். தரையை ஒட்டி ஒரு சென்சார், அங்கிருந்து மோட்டார் ரூம்வரை ஒயர், மோட்டார் ரூமில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போர்டும் சிம் கார்டும். குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் உங்கள் போனுக்கு ஒரு மிஸ்டு கால் போகும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சென்சாரை வைத்துச் சோதித்தேன். போன் அடித்தது. அந்த எண்ணை உங்கள் போனில் என்ன பெயரில் போடட்டும் என்று கேட்டேன்.

"தோட்டம்னே போடு. ஆகாதவிய எல்லாம் கூப்புடறாங்க, தோட்டம் கூப்புட்டா என்ன?"

முதல் வாரத்தில் இருமுறை நிஜமாகவே உறைபனி விழுந்தது. இருமுறையும் தோட்டம் கூப்பிட்டது. நீங்கள் எழுந்துபோய்ச் செடியைக் கழுவினீர்கள். மாமா, உங்கள் வீட்டுக்காரர், "பொட்டி சொன்னாத்தான் பனி வருமாக்கும்" என்று இழுத்துப் பேசினார். வளைவில் இருக்கும் டீக்கடையில் அவரே அதைப் பெருமையாகச் சொன்னார் என்று அப்பா வந்து சொன்னார்.

பிறகு ஐந்து நாள் வெறுமனே கூப்பிட்டது. இரண்டுக்குக் கீழே இறங்கும், பூஜ்யத்தைத் தொடாமல் விடிந்துவிடும். நீங்கள் ஐந்து நாளும் குளிரில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "சும்மாச் சும்மாக் கூப்புடுது அம்மிணி. நெசமாலுமே உறையறப்ப மட்டும் கூப்புடச் சொல்லேன்," என்று கேட்டீர்கள்.

அது நான் கல்லூரிக்குத் திரும்பும் நாள். பையைக் கட்டி வைத்தாயிற்று, பஸ்ஸுக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. போர்டை மேசைக்குக் கொண்டுவந்து, 'இரண்டுக்குக் கீழே' என்று இருந்ததைப் 'பூஜ்யத்துக்குக் கீழே' என்று மாற்றினேன். ஒரே ஒரு எண். அப்போதுதான் மஞ்சள் வரி வந்தது. எனக்கு மஞ்சள் வரிகள் எப்போதும் வரும். ஐந்தாறு வரிசையாக நிற்கும், எதையும் படித்ததில்லை. ஓடுகிறதா என்றுதான் பார்ப்பேன். ஓடியது. கொண்டுவந்து மாட்டினேன். ஃப்ரிட்ஜில் மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்கள் ஃப்ரிட்ஜ் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஐஸ் வைக்கும் தட்டில்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்த வரி என்ன சொன்னது என்பதை இப்போதாவது சொல்கிறேன். எண்களைப் போட்டுவைக்கக் கம்ப்யூட்டரில் இடம் கேட்கும்போது, அது பூஜ்யத்துக்குக் கீழே போகுமா போகாதா என்று சொல்ல வேண்டும். போகாது என்று சொல்லியிருந்தேன். அந்தப் புரோகிராமின் பாதியை ஒரு வீடியோவிலிருந்து எடுத்திருந்தேன். யாரோ வெயில் ஊர்க்காரர், அறை சூடானால் ஃபேன் ஓடுவதற்காக எழுதியது. அவர் ஊரில் மைனஸ் வராது. நான் கேத்தியில் வளர்ந்தவள், சின்ன வயதில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் தகட்டை உடைத்து விளையாடியவள். கழித்தல் குறிக்கு இடமில்லாத ஒரு பெட்டியை உங்கள் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தேன். குளிர் மைனஸ் ஒன்றுக்குப் போனால் அது இருநூற்று ஐம்பத்தைந்து என்று படித்துக்கொள்ளும். இரண்டு டிகிரியில் கூப்பிட்டவரை இந்தத் தப்பு வெளியே தெரியவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே என்று மாற்றிய நிமிடத்திலிருந்து அது உங்களை ஒருநாளும் கூப்பிடாது. எத்தனை குளிர்ந்தாலும் கூப்பிடாது. எப்போதும் பொய்.

அடுத்த சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்திறங்கியபோது பள்ளம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது மணி வெயிலில் வெள்ளை போய், கொதிக்கிற தண்ணீரை ஊற்றியதுபோலச் செடிகள் கறுத்துத் தொங்கின. முழங்கால் உயரச் செடிகள். நீங்கள் வரப்பில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"கூப்புடவே இல்ல அம்மிணி," என்றீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள்.

மாமா கத்தினார். "பொட்டிய நம்பிப் படுத்துக் கெடந்தா இப்படித்தான் ஆகும். கால் வெச்சுப் பாக்கறவளுக்கு என்ன கேடு வந்துச்சு? போன் வேணுமாமா போனு!"

நான் மோட்டார் ரூமுக்குள் ஓடினேன். டப்பாவின் மூடியைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இருந்தது, சிக்னல் இருந்தது. பெட்டி உயிரோடுதான் இருந்தது. மாமா வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா, பிளக்கை என் கையாலேயே பாதி இழுத்தேன். விளக்கு அணைந்தது. பிறகுதான் திரும்பி, "பிளக்கு கழண்டிருக்குதுங் மாமா," என்றேன். பின்னால் வந்த உங்களைப் பார்த்து, "மோட்டார் போட வந்தப்ப தட்டியிருப்பீங்களாட்ட இருக்குதுங்க்கா," என்றும் சொன்னேன்.

இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் எலி என்றோ காற்று என்றோ போயிருக்கும். பயத்தில் ஒருவர் பொய் சொல்வது எனக்குப் புரிகிறது. அந்தப் பொய்க்குள் உங்களை ஏன் இழுத்துவிட்டேன் என்பது இன்றுவரை புரியவில்லை.

நீங்கள் பிளக்கையே பார்த்தீர்கள். நேற்றுச் சாயங்காலம் எப்போது வந்தோம், எந்தப் பக்கம் நின்றோம் என்று யோசிப்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. பிறகு, "சீலை பட்டிருக்குமாட்ட இருக்குது," என்றீர்கள். நடக்காத ஒன்றை எனக்காக நினைவுபடுத்திக்கொண்டீர்கள்.

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து முதன்முறையாக மஞ்சள் வரியைப் படித்தேன். எண்ணுக்கு இடம் கேட்கிற வரியில் ஒரு சொல்லை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஐஸ் தட்டில் வைத்துப் பார்த்தேன், போன் அடித்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து உங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தேன். வாசலில் பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "புள்ள மேல தப்பில்லீங். நாந்தான் தட்டி உட்டுட்டேன். பாவம், பத்து நாளாக் கண்ணு பூத்துச் செஞ்சுது." என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற பொட்டியக் கெடுத்துப்புட்டனே அம்மிணி," என்றீர்கள்.

பரவாயில்லைங்க்கா என்றேன். ஆமாம், உங்களை மன்னித்தேன்.

பெயர் வைத்தது டீக்கடை. ஒரு மாதத்துக்குள் நீங்கள் 'பிளக்கக்கா' ஆகிவிட்டீர்கள். "ஏனுங் பிளக்கக்கா, கடையில கரண்டு இல்ல, நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா?" என்று கேட்பார்கள். நீங்களும் சளைக்காமல், "உன்ற வாய்க்கு ஒரு பிளக்கு இருந்தா மொதல்ல அதத்தான் புடுங்கோணும்," என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். கேலி அன்போடுதான் இருந்தது. ஆனால் மாமா உங்களை மோட்டார் ரூமுக்குள் விடுவதை நிறுத்தினார். இருபது வருடமாக அந்த மோட்டாரை ஓட்டியவர் நீங்கள். சத்தத்தை வைத்தே எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்வீர்கள். அடுத்த குளிர்காலத்தில் வெறுங்காலோடு புல்லில் நடந்து பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட மாமாவை எழுப்பிக்கொண்டு நின்றீர்கள். பெட்டியை மறுபடி மாட்டித் தரச் சொல்லி ஒருமுறை கேட்டீர்கள். பரீட்சை என்றேன். சரிசெய்த பெட்டி என் அலமாரியில் இருந்தது. அதை மாட்டி, அது ஒழுங்காகக் கூப்பிட்டால், முன்பு ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது யோசிப்பார்கள் என்று பயந்தேன்.

என் பாதை அதற்குப்பின் நேராகவே போனது. அந்தப் பெட்டியைக் கல்லூரியில் புராஜெக்டாக வைத்தேன், பாராட்டினார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் இந்தக் கம்பெனியின் இன்டர்வியூவுக்கு அதையே கொண்டுபோனேன். என்னைக் கேள்வி கேட்ட மேடம் கெட்டிக்காரர். "நிஜமான வயலில் வைத்தீர்களா? எப்போதாவது தவறியதா?" என்று கேட்டார். ஒருமுறை தவறியது, பயன்படுத்தியவர் பிளக்கைக் கழற்றிவிட்டார் என்றேன். அந்தத் துறையில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது அக்கா, 'யூசர் எரர்', பயன்படுத்துபவரின் தப்பு. அதை நானே சொன்னேன், நல்ல ஆங்கிலத்தில். மேடம் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது. ஸ்வீட் பாக்கெட்டோடு உங்களிடம் வந்தேன். "என்ற பொட்டி பாஸாயிருச்சா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள்.

அந்த மேடம் தினமும் என் இருக்கையைக் கடந்து போகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்வேன் என்று எழுதக் கை வருகிறது. உங்களிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

ஆடி மழையில் நீங்கள் போனீர்கள். நிமோனியா என்றார்கள், குன்னூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். உங்கள் நெஞ்சையும் என் பிழையையும் முடிச்சுப் போட்டு அழுதால் எனக்கு ஒருவிதத்தில் சுலபமாக இருக்கும். அதைச் செய்யமாட்டேன், அது எனக்குத் தெரியாத விஷயம். தெரிந்தது வேறு. உங்களைக் கிடத்தியிருந்த அறையில் ஒரு பெண் அழுகைக்கு நடுவே, "அந்தப் பிளக்கத் தட்டி உட்டுப்போட்டு ரெண்டு நாள் சோறு திங்கல இவ," என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று ஞாயிறு. கேத்திக்குப் போய்விட்டு இறங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

மாமா மோட்டார் ரூம் வாசலில் பைப்புக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண், மைனஸ், மஞ்சள் வரி, எல்லாம். அவர் டேப்பை விடவில்லை. பிளக்கை நான் இழுத்த இடத்தில்தான் நிமிர்ந்தார்.

"நீயா இழுத்தே?"

"ஆமாங் மாமா."

"அவ தட்டவே இல்ல?"

"இல்லீங்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "ஒருக்கா எனக்குக் காய்ச்சல். 'மோட்டார நானே போட்டுட்டு வாறேன், உடுங்க'ன்னு நின்னா. 'வேண்டாம், நீ போனா அதையும் புடுங்கிப் போடுவே'ன்னு சொன்னேன்," என்றார். பிறகு, "நீ ஒரு நாள் சொன்னே. நான் ஒன்றரை வருசம் சொன்னேன்," என்றார்.

நான் கிளம்பத் திரும்பியபோது கூப்பிட்டார். "எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? பேரு வெச்சது நானில்ல. கடையில போயிச் சொல்லு."

போனேன். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரோடும் சட்டென்று பேசாதவள் நான், உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிளக் கழலவில்லை, அக்கா தட்டவில்லை, பெட்டியில் தப்பு, செய்தது நான், பழியைப் போட்டதும் நான். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திக் கேட்டார். ஒருவர், "அட விடு அம்மிணி, படிக்கிற புள்ள," என்றார். இன்னொருவர் எழுந்து காசை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார். கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பாவம். நாம இத்தன நாளாச் சிரிச்சுட்டோமே."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

நான் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு கூரியர்க்காரர் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு பார்சலோடு மாமாவின் பெயரைச் சொல்லிக் கடைக்காரரிடம் வழி கேட்டார்.

"பிளக்கக்கா ஊடுங். வளைவுல எறங்கி ரெண்டாவது," என்றார் கடைக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். "அண்ணா, பிளக்கு கழலலீங்," என்றேன்.

"தெரியுமே அம்மிணி, இப்பத்தானே சொன்னே," என்றார், கொஞ்சம் குழம்பி. "ஆனா ஊடு அதுதானே?"

உங்கள் பள்ளத்தில் மாமா கேரட் விதைத்திருக்கிறார், பச்சையாக இருக்கிறது. கேத்திக்கு வரும்போதெல்லாம் யாராவது அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துவேன். கேட்பவர்களுக்கு அலுத்துப்போகும். எனக்கு அலுக்கக் கூடாது.